யானை ஏறிய பஸ்

ரிஷியின் கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்பு வைக்கக்கூட இடம் கிடையாது. அங்கே முழுக்கப் புத்தகங்கள்தாம். அதுவும் சின்னப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் படக்கதைகள். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பையன் இன்னும் முயல் கதை படிக்கிறானே என்று அம்மா சிரிப்பார். அவன் தங்கை தாமரை சிரிக்க மாட்டாள். அவளும் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டே அந்த முயல் கதைகளையும் படித்துவந்தாள்.

ஒருநாள் ரிஷி கோலாலம்பூரிலிருந்து கிள்ளானில் இருந்த வீட்டுக்குத் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தான். புத்தகமோ ஓவியமோ சேர்த்துவைக்கும் மாணவர்களுக்கு அவன் பல்கலைக்கழகம் ஒரு பரிசு தரப்போகிறதாம். சேர்த்தவை விலை உயர்ந்தவையாக இருக்க வேண்டியதில்லை. ஏன் சேர்த்தோம் என்று சொல்லத் தெரிந்தால் போதும். ஆனால் காட்சிக்கு வைப்பதெல்லாம் அந்த மாணவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்.

ரிஷி இறுதிச் சுற்றுக்குத் தேர்வானான். அதற்குக் காரணம் ஒரே ஒரு புத்தகம். அது அச்சடித்த புத்தகம் அல்ல. யாரோ ஒரு சிறுமி கையால் எழுதி, வரைந்து, நூலால் தைத்தது. ஒரு யானை கிள்ளானில் பஸ் ஏறிக் காப்பாருக்குப் போகிற கதை. பெரிய வெள்ளம் வடிந்த பிறகு, பழைய பேப்பர் கடையில் நனைந்த தாள்களுக்கு நடுவில் ரிஷி அதைக் கண்டெடுத்திருந்தான். அட்டை கிழிந்துபோனதால் வரைந்தவர் பெயர் தெரியவில்லை.

தாமரைக்கு அந்தக் கதை மனப்பாடம். மறுநாள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தோழி விஷ்ணுப்ரியாவிடம் அதைச் சொன்னாள். யானை ஏறியதும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்த இடத்தைச் சொல்லும்போது, மீ கோரேங் நூடுல்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த லெட்சுமி ஆன்டியின் கரண்டி அப்படியே நின்றது.

"அப்புறம் எல்லாரும் இந்தப் பக்கம் வந்து உக்காந்தாங்க. டிரைவர் மட்டும் எந்திரிக்கல. சரிதானே?" என்று ஆன்டி கேட்டார்.

தாமரை வாயைப் பிளந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்டி?"

"நான் எழுதுனதுலா அது" என்றார் ஆன்டி. "ஸ்கூல்ல படிக்கறப்போ."

பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு அவர் மீதியைச் சொன்னார். அவருடைய முழுப்பெயர் சீதாலெட்சுமி. அவர் அப்பா அய்யாவு அந்தத் தடத்தில்தான் பஸ் ஓட்டினார். கதையில் வரும் டிரைவர் அவரேதான். வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியபோது இந்தப் புத்தகத்தோடு அப்பாவின் படங்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது பார்க்க ஒன்றுகூட இல்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்று ஆன்டி கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை பார்க்க முடியுமா என்றுதான் கேட்டார்.

வீட்டில் இதைச் சொன்னதும் ரிஷியின் முகம் வாடியது. அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. முடிந்ததும் காட்டலாம் என்றான். நடுவர்கள் கேட்டதே அந்தப் புத்தகத்தைத்தான் என்றான். தாமரை சண்டை போடவில்லை.

"குடுக்க வேணாம்ண்ணே. நீயே கொண்டுபோய்க் காட்டிட்டு வா. நானும் வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆன்டி வீட்டுக்குப் போனார்கள். ஆன்டி கையைக் கழுவி, துடைத்து, திரும்பவும் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தை வாங்கினார். டிரைவர் படம் வந்த பக்கத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.

"மீசைய ரொம்பப் பெருசா போட்டுட்டேன். அப்பா இதப் பாத்துட்டு, படத்துல இருக்கற மாதிரியே வளக்கறேன்னு கொஞ்ச நாள் வெட்டாமலே திரிஞ்சாரு. அம்மாதான் கத்திரிக்கோல எடுத்துக்கிட்டு வந்தாங்க."

மூவரும் சிரித்தார்கள். பிறகு ஆன்டி புத்தகத்தை மூடி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ரிஷியிடம் நீட்டினார். ரிஷி கையை நீட்டவில்லை.

"நீங்களே வெச்சிக்கங்க ஆன்டி. இது உங்களோடது" என்றான்.

ஆன்டி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அண்ணனின் முகத்தைப் பார்க்கத் தாமரைக்குப் பாவமாக இருந்தது. சொந்தமில்லாததைக் காட்சிக்கு வைக்க முடியாது. அப்படியானால் சொந்தமாக ஒன்று வேண்டும். அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஆன்டி, அண்ணனுக்குப் புதுசா ஒண்ணு வரைஞ்சு குடுப்பீங்களா?"

ஆன்டி பயந்தே போனார். ஸ்கூலை விட்ட பிறகு பென்சிலைத் தொட்டதே இல்லை என்றார். கோடு கோணலாக வரும் என்றார். கோணலாக வந்தால் என்ன, யானையே கோணல்தானே என்று தாமரை கேட்டாள். கலர் அடிப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

அந்த வாரம் சிற்றுண்டிச்சாலை மூடிய பிறகு, துடைத்த மேசையில் ஆன்டியும் தாமரையும் உட்கார்ந்தார்கள். வெள்ளத்தில் மிதந்த மெத்தைமேல் ஒரு பூனை உட்கார்ந்து, ஊரைச் சுற்றிப் பார்க்கிற கதை. முதல் பூனை உருளைக்கிழங்கு போல வந்தது. அடுத்தது கொஞ்சம் பூனை போல. ஐந்தாம் பக்கத்துக்குள் ஆன்டி நாக்கைக் கடித்துக்கொண்டு, தாமரை பேசுவதுகூடக் காதில் விழாமல் வரைந்துகொண்டிருந்தார்.

கண்காட்சிக்குத் தாமரையோடு ஆன்டியும் வந்தார். நடுவராக வந்த பேராசிரியர் இராசேஸ்வரி யானைப் புத்தகத்தைத் தேடினார். ரிஷி நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். பிறகு பூனைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். பேராசிரியர் நின்றபடியே படித்தார். அடுத்த மேசையில் ஒரு மாணவி காத்திருப்பதையும் மறந்து, கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"இதை எழுதியவர் யார்?"

"இவங்கதான்" என்று ரிஷி ஆன்டியை முன்னால் கூட்டிவந்தான். ஆன்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

முதல் பரிசு, பழைய மலாய்ச் சமையல் புத்தகங்கள் சேர்த்த மாணவிக்குப் போனது. ரிஷிக்கு இரண்டாம் பரிசு. அவன் மேடையிலிருந்து இறங்கி வந்து, முதல் வேலையாகத் தாமரையின் தலைமுடியைக் கலைத்துவிட்டான். அவள் கத்தினாள்.

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு தோசைக் கடை வாசலில் காரை நிறுத்தச் சொன்னார் ஆன்டி. தோசை சாப்பிடத்தான் என்று தாமரை நினைத்தாள். ஆன்டியோ பக்கத்திலிருந்த எழுதுபொருள் கடைக்குள் போய், வரையும் தாள்களுக்கு முன்னால் நின்றுவிட்டார். சின்னதை எடுத்தார், வைத்தார். பெரியதைத் தொட்டுப் பார்த்தார்.

தாமரைக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் அவள் அவசரப்படுத்தவில்லை.

ஆன்டி பெரிய தாள்கட்டையே எடுத்துக்கொண்டார்.