பொன்ராசு எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வு

செவ்வாய்க் கிரகத்தில் உள்ள புது ஊத்துப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளியில், பிள்ளைகள் பிராணவாயுக் குப்பியைச் சுவரில் மாட்டிவிட்டு வகுப்புக்குப் போவார்கள். பொன்ராசு மட்டும் தன் வலது கையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போவான். அது தக்காளி பறிக்கிற கை. எழுதுகிற கை தனி.

பொன்ராசு, இருளாண்டியின் தக்காளிக் கூடத்து இயந்திரம். பத்தாம் வகுப்பில் பத்துப் பேர் இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டும் என்பது விதி. ஊரில் இருந்ததோ ஒன்பது பிள்ளைகள். தலைமையாசிரியை அமிர்தவல்லி வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவனைச் சேர்த்துக்கொண்டார். தகப்பனார் என்ற இடத்தில் இருளாண்டி வெட்கத்தோடு கைரேகை வைத்தார்.

இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் தோற்றாலும் பள்ளிக்குப் பூட்டுதான். அப்புறம் பிள்ளைகள் புழுதிவண்டியில் அடுத்த குடியிருப்புக்குப் போக வேண்டும். புயல் காலத்தில் அந்த வண்டி என்றைக்குப் போய்ச் சேரும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. ஆனால் புது ஊத்துப்பட்டியில் இதுவரை ஒருவர்கூடத் தோற்றதில்லை. பூமியிலிருந்துகூட வந்து பார்த்து வியந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பாடநூல் பூமியில் எழுதியது. இரண்டு கிரகத்துக்கும் ஒன்றே.

மாதிரித் தேர்வில், நீரின் கொதிநிலை என்ன என்று ஒரு கேள்வி. ஒன்பது பேரும் நூறு பாகை என்று எழுதியிருந்தார்கள். ஊர்க் குவிமாடத்துக்குள் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் பாதிதான்; பருப்பு வேகாமல் அவரவர் அம்மா தினமும் அடுப்பைத் திட்டுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பொன்ராசு எழுதியிருந்தான்: 'நம் ஊருக்குள் எண்பத்தொன்று. வெளியே கொண்டுபோனால் அடுப்பே வேண்டாம், தானே கொதிக்கிறது. அளந்து பார்த்தேன்.'

அமிர்தவல்லிக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு விடையை அவர் வாழ்நாளில் திருத்தியதில்லை. பெருமையோடு பூஜ்யம் போட்டுவிட்டு, அவனைக் கூப்பிட்டார்.

"சாமி, புத்தகத்துல இருக்கறத மட்டும் எழுதுப்பா."

"அது பொய்யில்லையா டீச்சர்?"

"பொய் இல்லடா, பாடம்."

"அப்ப நான் அளந்தது?"

"அத மறந்துடு."

பொன்ராசு அந்தக் கணமே மறந்தான். இயந்திரங்களுக்கு அது ஒரு வசதி.

பொதுத்தேர்வு முடிவு வந்தது. பள்ளிக்கு நூற்றுக்கு நூறு. பொன்ராசு கிரகத்திலேயே முதலிடம். குவிமாடத்தின் உச்சியில் அவன் படம் போட்ட பேனர் ஏறியது. கை மாட்டாமல் எடுத்த படம். "எம் பையன், எம் பையன்" என்று இருளாண்டி ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

மறுநாள் காலை அதே இருளாண்டி தலையில் அடித்துக்கொண்டு பள்ளிக்குள் ஓடிவந்தார்.

"டீச்சரம்மா, குடி கெட்டுச்சு! தக்காளிச் செடி அம்புட்டையும் பெயர்த்து, குவிமாடத்துக்கு வெளியே கொண்டுபோய் நட்டுட்டான்! எல்லாம் விறைச்சுக் கெடக்கு!"

பின்னாலேயே பொன்ராசு அமைதியாக வந்து நின்றான்.

"செடிகள் திறந்தவெளியில், நீல வானத்தின் கீழ் செழித்து வளரும். ஏழாம் பாடம், டீச்சர். இதுக்கு முழு மதிப்பெண் வந்துச்சே."

சன்னலோரம் மற்ற ஒன்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னே கண்ணாடிக்கு வெளியே வானம் செங்காவியாகக் கிடந்தது.

"ஏண்டி குயிலி, நீங்களும் அதத்தானே எழுதுனீங்க?"

"எழுதுனோம் டீச்சர்," என்றாள் குயிலி. "அதுக்குன்னு, பரீட்சையில எழுதுனத யாராச்சும் நம்புவாங்களா?"

அமிர்தவல்லி அசந்துபோனார். அதை அந்தப் பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. ஒன்பது பிள்ளைகளும் தாமாகவே கற்றுத் தேறியிருந்தார்கள்.