இடப்பக்க லிங்க்

நட்டு கழன்றுவிட்டது. லிங்க் மட்டும் வர மறுத்தது.

ஸ்பேனரக்கா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி அதை இன்னொரு முறை அசைத்துப் பார்த்தாள். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. இருபது வருஷமாக அந்த ஷெட்டைத் தனியாக நடத்துகிறவளுக்குச் சொந்தப் பெயர் பாதி மறந்தே போயிருந்தது. முன்சக்கரங்களைக் கழற்றி, அண்ணனின் வண்டியை நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தியிருந்தாள். தலைக்கு மேலே குறுக்காக ஓடியது ஸ்டெபிலைசர் பார். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, வளைவில் வண்டி சாய்ந்துவிடாமல் காக்கிற வளைந்த இரும்புக் கம்பி. அதன் இரு முனையிலும் சாண் நீளத்தில் ஒவ்வொரு லிங்க். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அந்தரத்தில் தொங்கும்போது கம்பியில் முறுக்கம் இருக்கவே கூடாது. விரலால் தள்ளினாலே லிங்க் கையோடு வந்துவிட வேண்டும். ஆனால் இடப்பக்கம் கீழ்நோக்கி விறைத்துக் கிடந்தது, அதைப் பிடித்துக்கொண்டு யாரோ தொங்குவதுபோல.

டார்ச்சைத் திருப்பி அடித்துப் பார்த்தாள். யாரும் இல்லை.

தகரக் கூரையில் மதியத்திலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழைய ஆயில் வாடையும் ரப்பர் வாடையும் அவளுக்குச் சொந்த வீட்டு வாசனை மாதிரி. அவற்றுக்கு நடுவே, ரொம்ப நாள் காயாமல் மூட்டைகட்டி வைத்த ஈரத்துணியின் முடைநாற்றம் ஒன்று வண்டிக்குள்ளிருந்து மெல்ல மெல்ல இறங்கிவந்தது.

"ஆச்சா பாப்பா?" அண்ணனின் பூட்ஸ்கள் இடப்பக்கக் கதவோரம் வந்து நின்றன. நாற்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"அவசரப்படுத்தாதண்ணா. இந்த வாரத்துல இது மூணாவது தடவை. லிங்க் மாத்தியாச்சு, ரப்பர் புஷ் மாத்தியாச்சு. சத்தம் வர்றதுக்கு இதுல இனிமே ஒண்ணுமே இல்ல."

"வருதே. வலது பக்கம் ஒடிச்சா மட்டும் வருது. டொக்கு டொக்குனு." குரல் தேய்ந்திருந்தது. அஞ்சு நாளாகத் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தாள். "எப்படியாவது பண்ணிக் குடு. பொழுது சாயறதுக்குள்ள நான் கிளம்பணும்."

"எங்க?"

"எங்கயாவது."

அப்போது கேட்டது. டொக். டொக். டொக்.

வண்டி ஓடவில்லை. இன்ஜின் அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"அண்ணா, கதவைத் தட்டாத."

"நான் தட்டல." பூட்ஸ்கள் இரண்டும் ஓரடி பின்வாங்கின. "இப்ப உனக்கும் கேட்டுச்சா?"

அவள் டார்ச்சைக் கதவுப் பக்கம் அடித்தாள்.

"கேட்டுச்சுல்ல? கேட்டுச்சுனு சொல்லு." அண்ணன் அழுதுவிடுவார்போல் இருந்தது. நின்றவாக்கிலேயே, மழைச் சத்தத்துக்கு நடுவே, கொட்டித் தீர்த்தார். போன வாரம் மலைப்பாதையில், மழையில் நனைந்தபடி ஒரு அம்மா கையைக் காட்டி ஏறினார்களாம், முன்சீட்டில். கதவு சரியாகச் சாத்தவில்லை. வலது வளைவில் கீழே ஏதோ படீரென்று ஒடிந்தது. வண்டி இடது பக்கமாக அப்படியே படுத்தது. கதவு திறந்துகொண்டது.

"விழுந்துட்டாங்களா?"

"விழல." அவர் மூச்சு வாங்கினார். "கதவைப் பிடிச்சுத் தொங்கிட்டாங்க. நிறுத்து நிறுத்துனு தட்டிக்கிட்டே வந்தாங்க. பின்னாடி லாரி ஒட்டிக்கிட்டு வருது, இந்தப் பக்கம் பள்ளம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நிறுத்தல பாப்பா. கை விடற வரைக்கும் நான் நிறுத்தல."

ஒடிந்தது எது என்று ஸ்பேனரக்காவுக்குத் தெரியும். அதற்குச் சில நாள் முன்புதான், புதுசு வரப் பத்து நாள் ஆகும் என்று, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய லிங்க்கை அவள்தான் மாட்டிவிட்டாள். ரப்பர் கிழிந்து, முனையிலிருக்கும் மூட்டு உருண்டை ஆட்டம் கண்டிருந்ததைப் பார்த்துவிட்டேதான் மாட்டினாள். ஒரு மாசம் தாங்கும், பயப்படாம ஓட்டு என்று சொன்னதும் அவள்தான்.

டொக். டொக்.

ஸ்டாண்டுகள் கிறீச்சிட்டன. வண்டி இடது பக்கமாக ஒரு விரற்கடை இறங்கியது. அவள் மூக்குக்கும் இரும்புக்கும் நடுவே இப்போது ஒரு சாண்கூட இல்லை.

"கதவைத் திறக்காதண்ணா!"

"நான் தொடவே இல்ல. அதுவா... பாப்பா, அதுவா தெறக்குது."

வெளியே நகர்ந்துவிடலாம் என்று குதிகாலை ஊன்றினாள். வண்டி இன்னும் இறங்கியது. வழி அடைபட்டது. ஒரே ஒரு நினைப்புதான் மிஞ்சியது. இதை நேராக்கணும். லிங்க் பிடித்திருந்தால் அன்றைக்கு வண்டி சாய்ந்திருக்காது. கதவு திறந்திருக்காது. இப்போதாவது பிடிக்கட்டும்.

கடப்பாரையைக் கம்பிக்கும் ஃபிரேமுக்கும் இடையில் செருகி, தோள் கழன்றுவிடும் அளவுக்கு நெம்பினாள். லிங்க் பிடுங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் தயாராக வைத்திருந்த புதுசை எடுத்தாள். முனையைத் துளையில் நுழைத்தாள். மரையில் நட்டு ஏறவில்லை. வழுக்கியது. மறுபடி.

மேலே அண்ணன் "ஐயோ" என்றார். ஒரே ஒரு தடவை.

பூட்ஸ்களின் குதிகால் தரையை விட்டு எழும்பியது. பிறகு நுனி. நுனி மட்டும் சிமெண்டில் தேய்ந்தது. பின்னோக்கித் தேய்ந்தது.

நட்டு பிடித்தது. ஒரு சுற்று. இரண்டு. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. மூன்று. கிண்ணென்று இறுகியது.

வண்டி நிமிர்ந்தது.

தட்டல் நின்றுவிட்டது.

"அண்ணா?"

பதில் இல்லை. பூட்ஸ்களையும் காணவில்லை. முழங்கையால் தவழ்ந்து வெளியே வந்தாள். எழுந்து நின்றாள்.

அண்ணன் திறந்த கதவின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். கால்கள் தரையில் இல்லை. காற்றே இல்லாத ஷெட்டுக்குள் அவர் தலைமுடி பின்னோக்கிப் பறந்தது. சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. உடம்பு முழுவதும் பின்சக்கரத்தை நோக்கி, தரைக்கு மட்டமாக நீண்டு கிடந்தது. வாய் அகலத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்திலேயே நிற்கும் தங்கையை அந்தக் கண்கள் பார்க்கவில்லை. கீழே, ரொம்பக் கீழே எதையோ பார்த்தன.

அவள் பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவர் விரல்கள் கதவிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன.

ஓட்டுநர் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டியரிங் மட்டும் நிதானமாக, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வலது பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.