தட்டுச் சத்தம் இல்லாமல்

காலை ஆறரை மணிக்கே கலாராணி வாசலில் வந்து நின்றுவிட்டாள். கையில் குடை, தோளில் பை. தம்பி மகள் யதுஷாவைத் தினமும் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிப் போவது அவள்தான். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் தோட்டத்துக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் அந்த இடத்துக்குப் பதினாறு வருடமாக அவளே பொறுப்பு.

ஆனால் இன்று யதுஷா புதுச் சட்டையில் இருந்தாள். தனுஜா மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு சிக்கில் மாட்டி இழுத்தும் குழந்தை சிணுங்கவில்லை, தாயை நிமிர்ந்து பார்க்கவுமில்லை. பால்மா டின் மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது ஓய்ந்ததும் மறுபடி சுழலவிட்டாள்.

“எங்க கெளம்பியாச்சு?”

“பதுளைக்கு, மதினி. கிளினிக்குக்கு.”

அடுப்படியில் ரொட்டி தின்றுகொண்டிருந்த கஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய ஏழு வயதில் தாய் போனபின், கல்யாணமே வேண்டாமென்று நின்று அவனை வளர்த்தவள் அக்கா. லுணுகலை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும்போது நாலு பேரை அதட்டுகிறவனுக்கு அவள் முன்னால் மட்டும் வாய் வராது.

“மறுபடி ஆரம்பிச்சிட்டியா…” கலாராணி குடையைத் தரையில் ஊன்றினாள். “லயத்துல எல்லா வீடும் மெச்சுற புள்ள. ஒரு அழுகை உண்டா, ஒரு அடம் உண்டா? அதப் போயி பைத்தியம்னு எழுதி வாங்கப் போறியா?”

அந்தச் சொல்லைத் தனுஜா ஒருநாளும் சொன்னதில்லை. யதுஷாவுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆகிறது. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டமாட்டாள். தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், அந்தக் கையையே பொருளின் மேல் வைப்பாள். ஒரு வயதில் சொன்ன “ம்மா”வும் எங்கோ போய்விட்டது. காதில் குறையென்று நினைக்கவும் வழியில்லை. அடுத்த அறையில் பிஸ்கட் பைக்கற்று சரசரத்தால் ஓடிவருவாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புவதில்லை.

ஆறு மாதத்துக்கு முன் இதையெல்லாம் மிட்வைஃப் ஆதிலாவிடம் சொன்னாள். அவளும் அக்கறையாகத்தான் கேட்டாள். பிறகு, ஒவ்வொரு குழந்தைக்கும் பிள்ளைக்காம்பராவில் வைத்திருக்கும் வளர்ச்சித் தாளை எடுத்துப் பார்த்தாள். ‘பேர் சொன்னால் திரும்பும்’ என்ற இடத்தில் கலாராணியின் கையால் சரி போட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றாள் ஆதிலா. வீட்டுக்கு வந்தபோது கஜேந்திரன் கேட்டது ஒரே கேள்வி: அத்தனை பிள்ளைகளை வளர்த்த அக்காவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? பிள்ளை அத்தையிடம் ஒட்டிக்கொண்டதில் தாய்க்குப் பொறாமை என்று லயத்தில் பேச்சு வந்தது. பேசினால் வீடு இரண்டாகும் என்று தனுஜா வாயை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, தனியாக மகளைக் கூப்பிட்டுப் பார்ப்பாள். யது… யது… முதுகுதான் தெரியும்.

போன வாரம் ஆதிலா மறுபடி வந்தபோது, பேச்சு இன்னும் வராததைக் கண்டு, இனிக் காத்திருக்க வேண்டாம் என்று கிளினிக்குக்குத் துண்டு எழுதி, அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்தாள்.

“நான் வளர்த்த புள்ளைங்க ரெண்டு பேரு கெம்பசு படிக்கப் போயிருக்கு. என் கைல என்ன கொறயக் கண்ட?” கலாராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தனுஜா சீப்பைக் கீழே வைத்தாள்.

“ஒங்க கைல கொற இல்ல, மதினி. ஒன்னே ஒன்னு கேக்குறேன். அவளப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க. தட்டத் தட்டாம, பிஸ்கட்டக் காட்டாம. திரும்பிட்டான்னா இந்தச் சட்டயக் கழட்டி நானே ஒங்ககிட்ட குடுத்துட்டு, பெரட்டுல பேரு குடுத்து வேலைக்குப் போறேன்.”

“இது ஒரு பெரிய விசயமா?” கலாராணி குடையைச் சாய்த்து வைத்தாள். “யது…”

மூடி சுழன்றது.

“யதுக்குட்டி, அத்தை வந்திருக்கேன்டா…”

குழந்தைக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. குழந்தை மூடியை எடுத்து மறுபடி சுழலவிட்டாள்.

மூன்றாம் தடவை கூப்பிடும்போது குரல் பாதியில் நின்றது. பிள்ளைக்காம்பராவில் சோற்று நேரம், பால் நேரம், வீட்டுக்குப் போகும் நேரம் எல்லாவற்றுக்கும் கலாராணி கரண்டியால் தட்டைத் தட்டுவாள். இருபது குழந்தைகளும் ஓடிவரும். அவர்களோடு யதுஷாவும் ஓடிவருவாள். பதினாறு வருடமும் அப்படித்தான் நடந்தது. எந்தக் குழந்தையையும் தனியாகப் பேர் சொல்லி அழைத்துப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. மாதக் கடைசியில் தாளை எடுத்து, ஓடிவந்த எல்லோருக்கும் சரி போட்டுவிடுவாள்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கஜேந்திரன் எழுந்து வந்தான். “அக்கா… இன்னைக்கு நான் இவங்கள கூட்டிட்டுப் போறேன்.” அக்காவைக் கேட்காமல் அவன் சொன்ன முதல் முடிவு அது.

“என்னையும் கூட்டிட்டுப் போடா,” என்றாள் அவள். “காம்பராவ இன்னைக்கு ஒதவிக்கு வர்ற இருதயம்மா பாத்துக்குவா.”

கஜேந்திரன் ஆட்டோவைப் பதுளைக்கு விட்டான். கிளினிக்கில் டொக்டர் ஷிஹானா குழந்தையோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் விளையாடிப் பார்த்தாள். தனுஜா சொன்னதை ஒன்று விடாமல் எழுதினாள். அதன்பின் ஆதிலா கொடுத்தனுப்பிய தாளை எடுத்து, இதில் வேறு மாதிரி இருக்கிறதே என்றாள்.

தனுஜா வாய் திறக்குமுன் கலாராணி எழுந்து நின்றாள்.

“அந்தத் தாளு தப்பு, டொக்டர். சரி போட்டது நான்தான். இவ சொல்றதுதான் உண்மை.”

தனுஜாவின் கண் நிறைந்துவிட்டது. ஆறு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கியிருந்தாள்.

டொக்டர் எதையும் மறைக்கவில்லை. பார்த்தவரையில், பேசுவதும் பழகுவதும் சிரமமாகும் ஓட்டிசத்தின் அறிகுறிகள். காதையும் சோதித்து, இன்னும் சிலமுறை பார்த்து உறுதி செய்யவேண்டும். இது யாரும் வளர்த்த விதத்தால் வருவதில்லை, பைத்தியமும் இல்லை. உறுதியாகும்வரை காத்திருக்காமல், பேசவும் பழகவும் சொல்லிக்கொடுப்பதை அடுத்த வாரமே தொடங்கலாம் என்றாள். இந்த வயதிலேயே கவனித்தது பெரிய நன்மை என்று சொல்லி, தனுஜாவைப் பார்த்துச் சிரித்தாள்.

வெளியே வந்ததும் தனுஜாவுக்கு அழுகை பொங்கியது. அது துக்கம் மட்டுமில்லை. மகளுக்கு என்னவென்று தெரியாமல் தவித்த பாரம் இறங்கியிருந்தது. கலாராணி அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“ஒன்னையப் பொறாமக்காரின்னு பேசவிட்டுட்டு நின்னேனே…”

“விடுங்க மதினி. இனி ரெண்டு பேருமா பாத்துக்குவோம்.”

மறுநாள் காலை ஆறரைக்கு கலாராணி வழக்கம்போல் வந்தாள். குழந்தையை உடனே தூக்கவில்லை. டொக்டர் செய்துகாட்டியபடி யதுஷாவின் எதிரே தரையில், முகம் நேராக வரும்படி உட்கார்ந்தாள். தனுஜா கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது.

பின்னால் கேட்டது. “யது…” பதில் இல்லை. சற்றுப் பொறுத்து, அவசரமில்லாமல், மறுபடி: “யது…”

தனுஜா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மகளைத் தனியாக அவள் மட்டுமே கூப்பிட்டுக்கொண்டிருந்த நாட்கள் முடிந்துவிட்டன.