குளோவிஸின் இடத்தில்

டிவிஷன் தெரு மூவர் இப்போது இருவர்தான்.

அர்டெல்லா மேல்குரலில் பாடுவாள். அவள் தம்பி லைனஸ் நடுக்குரல். கீழ்க்குரலில் "பம்... பம்..." என்று பாட்டைத் தாங்குபவன் பக்கத்து வீட்டுக் குளோவிஸ். பன்னிரண்டு வயதிலேயே அவனுக்குக் குரல் உடைந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. பால்டிமோர் நகரின் அந்தத் தெருமுனையில் மூவரும் பாட ஆரம்பித்தால், மீன் வடைக் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியை மறந்துவிடுவார்.

அந்த வசந்தத்தில் குளோவிஸுக்குக் காசநோய் வந்தது. நகருக்கு வெளியே இருந்த மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். எப்போது வருவான் என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

அதன்பிறகு அர்டெல்லாவால் ஒரு பாட்டையும் முடிக்க முடியவில்லை. அவன் பாடும் இடம் வந்ததும் காது தானாகக் காத்திருக்கும். ஒன்றும் வராது. நிறுத்திவிடுவாள்.

ஒருநாள் அப்படி நிறுத்தியபோது, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பையன் வாசற்படி அருகே வந்து நின்றான்.

"அந்தக் கீழ்க்குரலை நான் பாடட்டா?"

"வேணாம். அது குளோவிஸோடது," என்றாள் அர்டெல்லா.

"பாடிப் பாக்கட்டுமேக்கா!" என்றான் லைனஸ். "சனிக்கிழமை சர்ச்சுல கலைவிழா. நாம ரெண்டு பேர் மட்டும் பாடினா, கொசு வந்துடுச்சுன்னு விரட்டிடுவாங்க."

பையன் பாடினான். நன்றாகவே பாடினான். அதைத்தான் அர்டெல்லாவால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லைனஸ் எங்கோ விளையாடப் போய்விட்டான். அந்தப் பையன் மட்டும் அங்கேயே நின்று, தன் காலைப் பார்த்தபடி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தான். இந்தத் தெருவில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவளுக்கும் அவன் பெயர் தெரியாது.

வெளியே வந்தாள். "உன் பேரு என்ன?"

"வெண்டெல்."

"நாளைக்கு எங்களோட வா. கேக்க வேண்டியவன்கிட்டயே கேப்போம்."

மருத்துவமனைக்குள் சிறுவர்களை விடமாட்டார்கள். மூவரும் புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மாடி வராந்தாக் கட்டிலில் குளோவிஸ் தலையணையில் சாய்ந்திருந்தான். ரொம்ப இளைத்திருந்தான். சத்தமாகப் பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு.

"குளோவிஸ்! இவன் வெண்டெல்!" என்று கத்தினாள் அர்டெல்லா. "விழாவுல உன் பங்கைப் பாடுறேங்கறான். நீ வேணாம்னா நாங்க போகவே மாட்டோம்!"

குளோவிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அர்டெல்லா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். ஏன்தான் கேட்டோமோ!

"வாங்க, போயிடலாம்," என்றான் வெண்டெல் தணிந்த குரலில்.

அப்போது குளோவிஸின் கை மேலே எழுந்தது. 'பாடு' என்று அசைந்தது.

பாடினார்கள். வெண்டெலின் முதல் "பம்"முக்கே கை 'இல்லை, இல்லை' என்று ஆடியது. மறுபடி பாடினார்கள். கை இன்னும் வேகமாக ஆடியது.

"படுத்துக்கிட்டே திட்டுறான் பாரு!" என்று லைனஸ் சிரித்தான்.

அர்டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. "நீ அவசரப்படுறேங்கறான். அவன் அதை நல்லா இழுப்பான். கையைப் பாத்துப் பாடு."

மூன்றாம் முறை, குளோவிஸின் கை ஆடவில்லை; உயர்ந்து அப்படியே நின்றது. வெண்டெல் இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. அந்தக் கை 'போதும்' என்று மெல்ல இறங்கிப் போர்வையில் படியும்வரை அவன் குரலை விடவேயில்லை.