அழக் கூடாத வீடு

காலியாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் சத்தம் அதிகம் என்று மோகனாவின் கைப்பேசி அதிர்ந்தது.

விளக்கு வைக்கும் நேரம். பாக்கார் ஆராங் வட்டாரத்தில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. தன் வீட்டை ஒட்டிய வீட்டை அவள் நாள் வாடகைக்கு ஹோம்ஸ்டேயாக விட்டிருந்தாள். அதன் கூடத்தில் சத்தத்தை அளந்து கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் கருவியும், ‘சத்தம் போடாதீர்’ என்று மூன்று மொழியில் அட்டையும் மாட்டியிருந்தாள். போன மாதம் யாரோ கரவோக்கே பாடித் தொலைக்க, அதற்கு அந்தப்பக்கத்து வீட்டு ரவிச்சந்திரன் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் இழுத்து மூடிவிடுவார்கள். தனியாளான அவள் சாப்பிடுவதே அந்த வாடகையில்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அதனால்தான் போன வாரம் எதிர் அடுக்குமாடியில் இருக்கும் சுகுமாரன் வந்து நின்றபோது நிபந்தனை போட்டாள்.

“அக்கா, அம்மா தவறிட்டாங்க. எங்க ஃபிளாட் நாலாவது மாடி, சவப்பெட்டி படியில திரும்பாது. உங்க ஹோம்ஸ்டேல வச்சு எடுத்துக்கிறோம்லா.”

“வச்சுக்கோ தம்பி. ஆனா உறுமி, சங்கு வேணாம். ஒப்பாரியும் கூடாது. இங்க ரூல்ஸ் அப்படி.”

சொன்ன சொல் தவறவில்லை அவர்கள். பெண்கள் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். இறந்தவரின் மகள் வாசுகி மட்டும் பெட்டியை மூடும்போது “அம்மா” என்று வீறிட வாயெடுத்தாள். மோகனாவே ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். அந்தப் பெண்ணின் கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது இப்போதும் அவளுக்கு உறுத்தியது.

மறுபடி அதிர்வு. சுவரில் காதை வைத்தாள். வாயைத் திறக்காமல் யாரோ முனகுவது போல ஓர் ஒலி, செங்கல்லுக்குள்ளேயே ஊறி, ஏறுவதும் இறங்குவதுமாக, அவள் பல்லுக்குள் கூசியது. அதற்குள் ரவிச்சந்திரன் கைப்பேசியில் அழைத்துவிட்டார்.

“யாரம்மா உள்ள? ஒரே முனகல். நிப்பாட்டு, இல்லன்னா நாளைக்கே கம்ப்ளேன்.”

“இப்பவே பார்க்கிறேன் அண்ணே.”

பயம்தான். ஆனால் புகார் அதைவிடப் பெரிய பயம். சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்ததும் முனகல் நின்றது. எத்தனை தடவை கழுவியும் போகாத சாம்பிராணியும் பன்னீரும், அவற்றுக்கு அடியில் வாடிய மாலையின் புளித்த வாடையும் மூக்கில் ஏறின. விளக்கு எரியவில்லை. தரை ஈரமாக இருந்தது.

கூடத்தின் நடுவே, பெட்டி இருந்த இடத்தில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

புதுச் சேலை. நெற்றியில் காசு. தாடையைத் தூக்கி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி.

அந்த உருவத்தின் விரல்கள் முடிச்சைத் தேடின.

மெதுவாக.

அவிழ்ந்தது.

தாடை தொங்கியது. மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி. நீளமாக. இன்னும் நீளமாக.

அந்தப்பக்கச் சுவரில் ரவிச்சந்திரன் தட்டினார்.

மோகனா பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள்.

குளிர்ந்த உதடு. கைக்கு அடியில் அது திறந்துகொண்டே போனது. விரல்களைத் தாண்டி. மணிக்கட்டைத் தாண்டி.

அவள் கத்த வாயெடுத்தாள்.

பின்னாலிருந்து ஈரத் துண்டொன்று வந்து அவள் வாயை அடைத்தது.