வரி அசையாத ஆண்டு

அன்று காலை நிறுவன வரி மறுபடியும் குறைந்தது. தூத்துக்குடியில் இசக்கிராஜா முகம் மழித்து முடிப்பதற்குள் அவருடைய உப்பு மின்கல நிறுவனம் பெரிய நட்டத்தில் விழுந்துவிட்டது.

ஆலையில் ஒரு கோளாறும் இல்லை. கடல் உப்பிலிருந்து மின்கலம் செய்து தீவுகளுக்கு அனுப்பும் அந்த ஆலையில் மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் நேராக நிதித் தலைவர் ரெஜினா மச்சாதுவின் அறைக்குள் நுழைந்தார்.

“வரி கொறஞ்சா நமக்கு லாபம்தான வரணும்? என்னம்மா இது, செவப்பு செவப்பா காட்டுது?”

“ஆரம்பத்துல வருசக்கணக்கா நட்டப்பட்டோம்லா அண்ணாச்சி. அதைக் காட்டி, இனிமே வரப்போற லாபத்துக்கு வரி கட்டாம இருக்கலாம். அந்த உரிமையைச் சொத்தாக் கணக்குல வச்சிருக்கோம். ஓசி பஸ் பாஸ்னு வையுங்க. டிக்கெட் வெலை கொறஞ்சா பாஸோட மதிப்பும் கொறையும்லா? கொறஞ்ச மதிப்பை இன்னைக்கே வரிச்செலவா எழுதியாகணும்.”

“அப்ப பஸ்ஸே ஓசின்னு ஆயிட்டா?”

“பாஸ் வெறும் அட்டைதான்.”

வரி விகிதத்தை நிர்ணயிக்கும் வேலையை அரசு ‘நிறைகோல்’ என்ற இயந்திரத்திடம் ஒப்படைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நாட்டின் எல்லா நிறுவனங்களின் கணக்கையும் அது அன்றன்றே படித்தது. எந்தத் தொழில் நலிந்திருக்கிறதோ, அதற்கு மறுநாளே வரியைக் குறைத்தது. செழித்தால் கூட்டியது. மனிதர்களைவிட நியாயமாகவே செய்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ரெஜினா அந்த வாரத்து விகிதங்களைத் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். சட்டென்று அவருக்குப் புரிந்தது.

“அண்ணாச்சி, அது நம்ம மேல இரக்கப்படுது. நாமளும் மத்த மின்கல ஆலைக்காரங்களும் நட்டம்னு அறிவிக்கோம். பாவம்னு வரியைக் கொறைக்கி. கொறைச்சதும் நட்டம் கூடுது. கூடுனதைப் பாத்து இன்னும் கொறைக்கி.”

இசக்கிராஜா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிறுவனத்தின் சொத்து மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால், கடன் கொடுத்தவர்களின் தானியங்கி ஒப்பந்தம் ஆலையைப் பூட்டிவிடும். இன்னும் இரண்டு முறை வரி குறைந்தால் போதும்.

“திட்டணும்போல இருக்கு. யாரைத் திட்ட?” என்றார்.

அந்தக் கேள்வி ரெஜினாவை எங்கோ கொண்டுபோனது. அவருடைய முதல் வேலை, பீச் ரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். பட்ஜெட் நாளான பிப்ரவரி முதல் தேதி என்றால் ஒருவரும் வேலை பார்க்கமாட்டார்கள். டிவிக்கு முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, பருப்பு வடையும் தேநீருமாக உட்கார்ந்திருப்பார்கள். அமைச்சர் ஒவ்வொரு வரியாக வாசிக்க வாசிக்க யாராவது கை தட்டுவார்கள், யாராவது திட்டுவார்கள். மறுநாள் பேப்பரில் எதன் விலை ஏறும், எது இறங்கும் என்று படம் போட்டிருக்கும். அதோடு சரி. பிறகு ஒரு வருடத்துக்கு அந்த விகிதம்தான். நல்லதோ கெட்டதோ, அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் வாழ்ந்தார்கள். திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. இப்போது சட்டம் வானிலை போல மாறியது. வானிலையை யார் திட்டுவது?

அன்று மதியமே ரெஜினா ஆட்சியர் அலுவலகத்தின் குறைகேள் அறைக்குப் போனார். அங்கே நிறைகோலோடு நேரில் பேசலாம்.

“உங்கள் தொழில் நலிந்திருக்கிறது. வரியைக் குறைத்து உதவிக்கொண்டிருக்கிறேன்” என்றது நிறைகோல்.

“நீங்க உதவுறதாலதான் நலிஞ்சிருக்கோம்” என்றார் ரெஜினா. பஸ் பாஸ் கதையை அதற்கும் சொன்னார்.

“வரியை உயர்த்தக் கேட்கிறீர்களா?”

“வருச ஆரம்பத்துல இருந்த விகிதத்தையே திருப்பி வையுங்க. வச்சிட்டு, ஒரு வருசம் கையை எடுத்துருங்க. அடுத்த வருச விகிதத்தை முன்கூட்டியே சொல்லிருங்க. நாங்க எப்படி இருக்கோம்னு நாங்களே பாத்துக்கிடுறோம்.”

நிறைகோல் அந்த ஆண்டின் கணக்குகளை மறுபடி படித்தது. “மின்கலத் தொழிலுக்கு மட்டும் சோதித்துப் பார்க்கலாம்” என்றது.

மறுநாள் வரி ஏறியது. அறிக்கையில் நட்டம் மறைந்து லாபம் முளைத்தது. முந்தின நாள் செய்த அதே மின்கலங்கள்தான், அதே ஆட்கள்தான். ஆனாலும் இசக்கிராஜா ஆலை முழுக்க மஸ்கோத் அல்வா கொடுத்தார். வரி ஏறியதற்கு இனிப்புக் கொடுத்த முதல் முதலாளி அவராகத்தான் இருப்பார். அடுத்த ஆண்டுக்கான விகிதம் அறிவிக்கப்பட்ட நாளில், ரெஜினா எல்லோரையும் கூடத்தில் திரைக்கு முன்னால் உட்காரவைத்து வடையும் தேநீரும் கொடுத்தார். கணக்குப் பிரிவுப் பெண்கள் கை தட்டியபோது அவருக்குக் கண் கலங்கியது.

தொழில் உண்மையிலேயே வளர்ந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் பழைய நட்டமெல்லாம் கழிந்து தீர்ந்தது. இனி வருகிற லாபத்துக்கு நிஜமாகவே வரி கட்ட வேண்டும். அதற்கும் அடுத்த ஆண்டுக்கு, தொழில் இவ்வளவு வளரும் என்று தெரியுமுன்பே, நிறைகோல் குறைந்த விகிதத்தை அறிவித்திருந்தது. அந்த ஆண்டின் கடைசி மாலையில் ஒரு தீவிலிருந்து மருத்துவர் ஒருவர் அழைத்தார்.

“மேடம், புயல் வருதுன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்கு மின்கலம் இன்னும் வரலையே. கப்பல் காத்துக்கிட்டிருக்கு.”

ரெஜினா ஜன்னலைத் திறந்தார். லாரிகள் சரக்கோடு வாசலில் நின்றன.

“நான்தான் நிறுத்தச் சொன்னேன்” என்றார் இசக்கிராஜா. “நாளையில இருந்து வரி கம்மிலா? இன்னைக்கு வித்தா கூடக் கட்டணும், நாளைக்கு வித்தாக் கொறைய. ஒரு ராத்திரிதானம்மா. இது நீங்க கேட்டு வாங்குன வருசம்.”

ரெஜினாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பீச் ரோட்டு நாட்களிலும் வண்டிகள் இப்படித்தான் நின்றன. வரி மாறும் தேதிக்காகச் சரக்கைப் பதுக்கிவைத்துக் கிடங்குகளைப் பூட்டினார்கள். எந்தத் தேதியில் பில் போடுவது என்று ஆலோசனை சொன்னதும் அவர் வேலை பார்த்த அதே அலுவலகம்தான். அதை ஒழிப்பதற்காகத்தான் நிறைகோலே வந்தது. வடையும் கைதட்டலும் மட்டும் எப்படி நினைவில் தங்கின என்று அவருக்கு விளங்கவில்லை.

“அனுப்பிருவோம் அண்ணாச்சி.”

“வரி?”

“கட்டுவோம்.”

அவர் பதில் சொல்வதற்குள் ரெஜினா படியிறங்கிப் போய், முதல் வண்டிக்காரரிடம் கிளம்பச் சொன்னார். தானும் ஏறிக்கொண்டார். வண்டி துறைமுகச் சாலையில் திரும்பியது. இருபுறமும் மற்ற மின்கல ஆலைகளின் லாரிகள், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, விளக்கணைத்து நின்றுகொண்டிருந்தன.