இருபத்தேழாம் எண்

செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அறிவியல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் காலை ஒன்பது மணி வகுப்புக்கு நாற்பத்தொரு பேரும் வந்திருந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. இருபத்தேழாம் எண் மாணவி அந்த நேரத்தில் விடுதியின் முப்பத்தொன்றாம் அறையில், போர்வைக்குள், கதவுக்கு வெளியே கடந்துபோகும் செருப்புச் சத்தங்களை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள்.

வந்து மூன்று வாரம். ஒருவரிடமும் நாலு வார்த்தை பேசியிருக்கவில்லை. வகுப்புக்குக் கிளம்பினால் மாடிப்படியிலேயே நின்று திரும்பிவிடுவாள். முக்கால்வாசி வருகை இல்லாவிட்டால் கல்லூரியில் இடம் போய்விடும். "பத்தே நாள்ல மூட்டையைக் கட்டிட்டு வந்து நிக்கும் பாரு" என்று அப்பா சித்தப்பாவிடம் சொல்லிச் சிரித்தது இன்னும் காதில் இருந்தது.

அன்று சாயங்காலம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவளுக்கு நிலையில் தலை இடித்தது. கூட வந்த இருவரும் அவளை நெட்டச்சி என்றார்கள்.

"நாங்க மூணாவது பெஞ்சு. உன் இடமும் அங்கதான். இன்னிக்கு உனக்கு வருகை போட்டாச்சு."

"யாரு குரல் கொடுத்தது?"

"சாருக்கு நம்பர்தான் புள்ளைங்க. தலையை நிமிர்த்தவே மாட்டாரு. பெஞ்சே எழுந்து உள்ளேன்னு சொன்னாலும் டிக் அடிப்பாரு. நீ நல்லா தூங்கு, புதுசு. உனக்காக நாங்க இருக்கோம்ல?"

மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.

தினமும் வந்தார்கள். நனைந்த குடைகளின் வாடை அறையில் தங்கிவிடும். ரொட்டி இருக்கும், அன்றைய பாடக் குறிப்பு இருக்கும். நாளைக்கு வருகிறேன் என்பாள். "அவசரமே இல்ல" என்பாள் நெட்டச்சி, தலையைத் தடவி. முதல் வாரக் குறிப்புகள் யாரோ ஒருத்தியின் சாய்ந்த கையெழுத்து. இரண்டாம் வாரம் எழுத்து நிமிர்ந்தது. மூன்றாம் வாரம் மெய்யெழுத்துகளின் மேல் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம். அவள் போடும் வட்டம்.

"இது யாரு எழுதினது?"

"நீதான்" என்றாள் ஒருத்தி. மூவரும் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி அவளும் சிரித்தாள். கொடியில் அவள் காயப்போட்ட சாம்பல் ஸ்வெட்டர் அன்று காணாமல் போயிருந்தது.

ஆறு மணிக்கு அம்மாவை அழைத்தாள்.

"இப்பத்தானேடி அரை மணி நேரம் பேசிட்டு வச்சே? மறுபடி என்ன?"

அவள் தொண்டையைச் செருமினாள். பேசுமுன் செருமுவது சின்ன வயதுப் பழக்கம். "நான் இன்னிக்குப் பேசவே இல்லம்மா."

மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"யாருங்க நீங்க? என் பொண்ணு போன் உங்க கையில எப்படி வந்துச்சு?"

மறுநாள் காலை ஓடினாள். மாடிப்படியில் நிற்கவில்லை. தாழ்வாரம் முழுக்க ஈரக் குடைகள். வகுப்பின் கதவு பாதி திறந்திருந்தது.

"இருபத்தஞ்சு."

"உள்ளேன் சார்."

மூன்றாம் பெஞ்சில் நான்கு முதுகுகள். கடைசியில் சாம்பல் ஸ்வெட்டர். அவள் தினமும் போடும் அதே பின்னல்.

"இருபத்தாறு."

"உள்ளேன்."

கதவருகே நின்று அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இருபத்தேழு."

பெஞ்சிலிருந்து ஒரு செருமல். மெல்ல. அவளுடையது.

"உள்ளேன் சார்."

சார் தலையை நிமிர்த்தவில்லை. நெட்டச்சி கதவுப் பக்கம் திரும்பினாள். அதே அன்பான சிரிப்பு. நீ போய்த் தூங்கு என்று கையைக் காட்டினாள். பக்கத்தில் சாம்பல் ஸ்வெட்டரும் திரும்பத் தொடங்கியது.

செப்டம்பர் ஒன்பதிலிருந்து பருவம் முடியும்வரை இருபத்தேழாம் எண்ணின் வருகை நூறு சதவீதம். டிசம்பர் இருபதாம் தேதி அறையைக் காலி செய்து, சாவியை ஒப்படைத்து, கையெழுத்திட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா ரயில் நிலையத்துக்கே வந்து கூட்டிப்போனார். விடுமுறையில் பூட்டிக் கிடந்த முப்பத்தொன்றாம் அறையில் யாரோ செருமுவது கேட்டு விடுதிக் காப்பாளர் இரண்டு முறை திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறார்.